தாயைக் குற்றவாளியாக்கும் தயவு

பன்னிரண்டு வயதுப் பாலகன் ஒருவன் ஒரு நாட்டின் சட்டத்தை மீற முடியுமா? முடியும் என்கிறது அமெரிக்க வல்லரசு. எப்படி மீறினான் என்று கேட்டால், வந்தான், வளர்ந்தான், வெளியேறவில்லை என்று மூன்று சொற்களில் விடை வருகிறது. அவன் கையைப் பிடித்து விமானத்தில் ஏற்றியவர் வேறொருவர். பணம் கொடுத்தவர் மற்றொருவர். கடவுச்சீட்டிலே பொறித்திருந்த பெயரோ அவனுடையதே அன்று. ஆயினும், வளர்ந்து ஆளான பிறகு அவன் படிக்கப் போனாலும், பணிக்குப் போனாலும், பெற்ற தாயைப் பார்க்கப் போக விரும்பினாலும், "உன் காகிதம் எங்கே?" என்ற கேள்வி அவன் முன்னே வந்து நிற்கிறது.

இந்தக் கேள்விக்கு அஞ்சி அஞ்சி இருபத்தைந்து ஆண்டுகளைக் கழித்த ஒருவர் தம் கதையைத் தாமே தீட்டி, 2018-இல் நூலாக வெளியிட்டார். ஹோசே அந்தோனியோ வர்காஸ் என்பது அவர் பெயர். 'அன்புள்ள அமெரிக்கா: ஆவணமற்ற குடிமகன் ஒருவனின் குறிப்புகள்' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். 'ஆவணமற்ற குடிமகன்' — ஒன்றையொன்று வெட்டும் இரண்டு சொற்களை அருகருகே நிறுத்தி, வழக்கைத் தலைப்பிலேயே தொடங்கிவிட்டார் ஆசிரியர். நூலைப் பற்றியும், நூல் தொட்டும் தொடாமலும் விட்ட சட்டச் சிக்கலைப் பற்றியும் நம் தோழர்களோடு பேசவே இக்கட்டுரை.

வர்காஸ் பிலிப்பைன்ஸ் நாட்டிலே 1981-இல் பிறந்தவர். 1993-இல் மணிலா விமான நிலையத்தில், 'மாமா' என்று அறிமுகம் செய்யப்பட்ட அயலான் ஒருவனோடு தாய் அவரை அனுப்பி வைத்தாள். அந்த 'மாமா' கூலிக்கு ஆள் கடத்துபவன். கூலியைக் கொடுத்தவர் கலிபோர்னியாவில் காவற்காரராக வேலை பார்த்த பாட்டனார். மவுண்டன் வியூ என்ற ஊரிலே பாட்டன் பாட்டியுடன் பேரன் வளர்ந்தான். 16 வயதில், தோழர்களைப் போலத் தானும் கார் ஓட்ட உரிமம் பெறலாம் என்று மிதிவண்டியிலே அலுவலகத்திற்குச் சென்றான். சாளரத்துக்கு அப்பால் இருந்த பெண்மணி அவன் நீட்டிய அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். குனிந்து, மெல்லிய குரலில், இது போலி என்றாள். இனி இங்கே வராதே என்றும் எச்சரித்தாள். தான் யார் என்பதை அந்தப் பிள்ளைக்குத் தாய் சொல்லவில்லை, பாட்டன் சொல்லவில்லை. முன்பின் அறியாத ஓர் எழுத்தர் சொன்னாள்!

பள்ளி ஆசிரியன் என்ற முறையிலே, நூலின் இன்னொரு பகுதியில் நான் நெடுநேரம் நின்றேன். பள்ளியின் இசைக்குழு ஜப்பானுக்குச் சுற்றுலா போவதென ஏற்பாடாகிறது. மாணவன் ஆசிரியையிடம் தனியே சென்று, தனக்குக் கடவுச்சீட்டு கிடைக்காது, ஏனெனில் தான் இந்நாட்டில் இருக்கவே உரிமையற்றவன் என்கிறான். ஆசிரியை காவலரை அழைக்கவில்லை. மாணவனைக் கைவிடவும் இல்லை. இசைக்குழு ஜப்பானுக்குப் பதில் ஹவாய்த் தீவுக்குப் போயிற்று. ஒரு பிள்ளையை விட்டுச் செல்வதைவிட ஒரு நாட்டையே விட்டுச் செல்வது எளிது என்று அந்த அம்மையார் கருதினார் போலும். பின்னர்ப் பள்ளித் தலைமையாசிரியரும் கல்வி மாவட்ட அதிகாரியும் முயன்று, குடியுரிமை கேட்காத உதவித்தொகை ஒன்றைத் தேடிப் பிடித்துக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அவன் இதழாளன் ஆனான். 2008-இல் 'வாஷிங்டன் போஸ்ட்' ஏட்டின் குழுவினருள் ஒருவனாகப் புலிட்சர் பரிசும் பெற்றான். பரிசுச் செய்தி கேட்டுப் பாட்டிக்கு வந்த முதல் கவலை, ஊரறிந்தால் உண்மை வெளிப்படுமே என்பதுதான்.

2011-இல் அவர் தாமாகவே உண்மையை ஏட்டிலே எழுதினார். ஏழாண்டு கழித்து வந்த இந்நூல் பொய் சொல்லுதல், பிறராக நடமாடுதல், ஒளிந்து வாழ்தல் என மூன்று பகுதிகளாக விரிகிறது. நூலின் வலிமை இந்தப் பகுப்பில் இருக்கிறது. சட்டமில்லாமல் வாழ்வது எப்படியிருக்கும் என்பதைப் புள்ளி விவரத்தால் அவர் சொல்லவில்லை. ஒரு படிவம், ஒரு கட்டம், அதில் 'குடிமகன்' என்று இடும் ஒரு குறி — அந்தக் குறியை இடும்போது கை நடுங்கியதைச் சொல்கிறார். நண்பர்களிடம் பொய், காதலிலே பொய், பொய்யை மறைக்க மற்றொரு பொய். குற்றத்தை நியாயப்படுத்தாமல் ஒருவன் தன் குற்றத்தை விவரிப்பது கடினம். வர்காஸ் அதைச் செய்திருக்கிறார்.

ஆனால் ஒரு குறையையும் கூறியாக வேண்டும். "வரிசையில் நிற்பதுதானே? முறைப்படி விண்ணப்பிப்பதுதானே?" என்று தம்மை எதிர்ப்போர் எல்லோரும் கேட்பதாக அவர் பல இடங்களில் நொந்துகொள்கிறார். அப்படியொரு வரிசையே இல்லை என்று விடையும் கூறுகிறார். உண்மைதான். ஏன் இல்லை என்பதை மட்டும் விளங்கும்படி விரித்துரைக்கவில்லை. இதழாளர் விரித்துரைக்க வேண்டிய இடத்தில் மகன் அழுகிறான். அழுகை நியாயமானதே, என்றாலும் எதிரியின் வாதத்தை அழுகை வீழ்த்தாது. ஆகவே, கதவுகளை நாமே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.

உறவுக் கதவு முதலாவது. பாட்டனார் அமெரிக்கக் குடிமகன். ஆனால் குடிமகன் தன் மனைவிக்கு, மக்களுக்கு, பெற்றோருக்கு, உடன்பிறந்தோருக்கு விண்ணப்பிக்கலாம். பேரனுக்கு விண்ணப்பிக்க அச்சட்டத்தில் இடமே இல்லை. தாய்க்கு விண்ணப்பித்தார் பாட்டனார். மணமானவளை மணமாகாதவள் என்று எழுதிவிட்டதால் அகப்பட்டுக்கொள்வோம் என அஞ்சி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தாய் வர வழியில்லை. ஆகவே பிள்ளை களவாக வந்தான்.

திருமணக் கதவு இரண்டாவது. குடிமகளை மணந்தால் குடியேற்ற உரிமை கிடைக்கும் என்று நம்மூர்த் திண்ணையிலும் பேசுவார்கள். எல்லோருக்கும் கிடைக்காது. அதிகாரி பார்த்து உள்ளே விட்டவர்க்குத்தான் நாட்டுக்குள் இருந்தபடியே நிலைமாற்றம் கேட்கப் பொதுவாக வழியுண்டு. தாயின் தோளில் எல்லையாற்றைக் கடந்துவந்த குழந்தை, வளர்ந்து மணந்தாலும், வெளிநாடு சென்று அங்குள்ள தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சென்றால் என்ன ஆகும்? 1996-இல் இயற்றிய சட்டம் அங்கே காத்திருக்கிறது. உரிமையின்றி 180 நாளுக்கு மேல் தங்கி வெளியேறியவருக்கு 3 ஆண்டுத் தடை; ஓராண்டோ அதற்கு மேலோ தங்கி வெளியேறியவருக்கு 10 ஆண்டுத் தடை. 18 வயதுக்கு முந்திய நாள்கள் கணக்கில் சேரா என்று சிறிது இரக்கமும் உண்டு. அதாவது, பதினெட்டரை வயதுக்குள் தன் வீடு, பள்ளி, தாய் தந்தை அனைத்தையும் துறந்து, நினைவில் இல்லாத ஒரு நாட்டுக்குப் போய்விடும் பிள்ளைக்குத் தடை இல்லை! வெளியே போ என்கிறது சட்டம். போனபின் பத்தாண்டு வராதே என்கிறது அதே சட்டம். விலக்குக் கேட்க ஏற்பாடு உண்டு. குடியுரிமையோ நிரந்தர வாழுரிமையோ உள்ள துணைவரோ பெற்றோரோ கடுந்துயர் அடைவர் என்று மெய்ப்பித்தாக வேண்டும். வர்காசுக்கு இந்தக் கதவும் இல்லை. அவர் தன்பாலின ஈர்ப்பாளர். பள்ளியிலேயே அதை அறிவித்தவர். அத்தகைய திருமணத்தை மத்திய அரசு மதிக்கத் தொடங்கியதே 2013-இல்தான். பேரன் ஒரு பெண்ணை மணந்து சிக்கலைத் தீர்த்துக்கொள்வான் என்று கணக்கிட்டிருந்த பாட்டனார் அன்று கொண்ட சினத்தை நூலில் படிக்கிறோம். மேலும், வேலைக்காகக் 'குடிமகன்' என்று இட்ட அந்தப் பொய்க் குறி இருக்கிறதே, 1996-க்குப் பின் இட்டால், நிரந்தர வாழுரிமை கேட்போருக்கு ஆயுள் முழுதும் தொடரும் தடை அது.

நீண்ட காலம் வாழ்ந்தவர்க்கான பதிவு மூன்றாவது. 1929 முதல் உள்ள நல்ல ஏற்பாடு இது. குறித்த ஒரு தேதிக்கு முன் வந்து, தொடர்ந்து வாழ்ந்து, நன்னடத்தை உடையவராக இருந்தால் வாழுரிமை தரலாம். தேதியை அவ்வப்போது நகர்த்தி வந்தார்கள். 1986-இல் அதை 1972 சனவரி 1 என்று வைத்தவர்கள், அதன் பின் நகர்த்தவே இல்லை. 1971-இல் மடியில் தவழ்ந்து வந்தவர் இன்று அரை நூற்றாண்டைக் கடந்தவர். சட்டப் புத்தகத்திலே கதவு இருக்கிறது. நுழையக்கூடியவர்கள் முதுமை எய்திக்கொண்டிருக்கிறார்கள்.

இவை தவிரச் சிறு சாளரங்கள் சில உண்டு. பெற்றோரால் கைவிடப்பட்ட, கொடுமைப்படுத்தப்பட்ட சிறார்க்கு 1990 முதல் ஒரு தனி நிலை. கொடுங்குற்றத்துக்கு ஆளாகிக் காவல்துறைக்கு உதவியவர்க்கு ஆண்டுக்கு 10,000 என்ற வரம்போடு ஓர் அனுமதி. பெற்றோர் அடித்துத் துரத்தினால் உரிமை கிடைக்கலாம். அணைத்து வளர்த்தால் கிடைக்காது என்பதே நடைமுறைப் பொருள். கசப்பாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன்.

இந்த முட்டுச் சந்திலிருந்து பிள்ளைகளை மீட்கவே 2001-இல் ஒரு சட்ட முன்வடிவு வந்தது. டர்பின் என்னும் சனநாயகக் கட்சி உறுப்பினரும் ஹாட்ச் என்னும் குடியரசுக் கட்சி உறுப்பினரும் சேர்ந்து கொண்டுவந்தது. அயல்நாட்டுச் சிறாரின் வளர்ச்சி, நிவாரணம், கல்வி என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டினால் ஆங்கிலத்தில் 'கனவு' என்று வரும். அதனால் அப்பிள்ளைகளுக்குக் கனவாளர் என்ற பெயர் நிலைத்தது. பலமுறை வந்தது, பலமுறை வீழ்ந்தது அம்முன்வடிவு. (அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கும் காங்கிரஸ் என்றுதான் பெயர், நம்மூர்க் கட்சியை எண்ணிக் குழம்பவேண்டாம்.) 2010-இல் புத்தாண்டன்று மயாமி நகரிலிருந்து நான்கு மாணவர்கள் தலைநகர் வாஷிங்டனை நோக்கி 1,500 மைல் நடக்கத் தொடங்கினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் கீழவை 216-க்கு 198 என்று முன்வடிவை ஏற்றது. மேலவையில் 55 பேர் ஆதரித்தார்கள், 41 பேர் எதிர்த்தார்கள். ஆதரித்தவரே மிகுதி, ஆயினும் விவாதத்தை முடித்து வாக்கெடுக்க 60 பேர் வேண்டும் என்பது அந்த அவையின் விதி. ஐந்து வாக்குகளில் கனவு கலைந்தது.

அதன்பின் 2012 ஜூன் 15 அன்று குடியரசுத் தலைவர் ஒபாமா, சட்டம் இயற்ற முடியாத நிலையில், நிர்வாக ஆணையாக ஓர் ஏற்பாட்டை அறிவித்தார். நாடு கடத்துதல் இரண்டாண்டு தள்ளிவைப்பு. வேலை செய்ய அனுமதி. மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனால் தலைநிமிர்ந்தார்கள். என்றாலும் இது உரிமை அன்று, தவணை. வாழுரிமையும் இல்லை, குடியுரிமைக்குப் பாதையும் இல்லை. 16 வயது நிறையுமுன் வந்திருக்க வேண்டும். 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அறிவித்த நாளில் 31 வயது நிறையாதிருக்க வேண்டும். வர்காசுக்கு அவ்வாண்டு பிப்ரவரியில் 31 நிறைந்திருந்தது. நான்கு மாதத்தில் தவறியது வாய்ப்பு! இயக்கத்தின் முகமாக ஏடுகளின் அட்டையில் வந்தவருக்கே இயக்கத்தின் வெற்றியில் பங்கில்லாமற் போயிற்று. அதை அவர் கசப்பின்றி எழுதியிருக்கும் பக்கம் நூலின் மிகச் சிறந்த பக்கங்களுள் ஒன்று.

தவணையின் பிற்காலக் கதையும் தெரிந்ததே. 2017-இல் டிரம்ப் ஆட்சி அதை ஒழிக்க முனைந்தது. 2020 ஜூனில் உச்சநீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், ஒழித்த முறை சரியன்று என்று தடுத்தது. 2021 ஜூலையில் டெக்சாசில் உள்ள கூட்டாட்சி நீதிபதி ஏற்பாடே சட்டத்துக்குப் புறம்பு என்று கூறவே, புதியவர்களுக்கு வழி அடைபட்டது. 2025 சனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பகுதி அதையே உறுதி செய்து, விளைவை டெக்சாஸ் மாநில அளவுக்குக் குறுக்கியது. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. 2007 ஜூன் என்ற தேதியும் நகரவில்லை. 2025-இல் பள்ளியிறுதி வகுப்பை முடித்த 18 வயது மாணவன், இந்த ஏற்பாட்டுக்குத் தகுதி பெறக் கைக்குழந்தையாகவே அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். வகுப்பறையில் இன்று இருக்கும் பிள்ளைக்கு அந்தத் தவணையும் கிடையாது.

வகுப்பறை என்றதும் 1982-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று நினைவுக்கு வருகிறது. டெக்சாஸ் மாநிலம் 1975-இல் ஒரு சட்டம் செய்து, ஆவணமற்ற பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியின் கதவை அடைக்க வழி வகுத்தது. டைலர் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் அப்பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. அங்கும் 5-க்கு 4 என்ற நூலிழை வேறுபாட்டில் பிள்ளைகள் வென்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரென்னன். அப்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான கல்வி அந்தத் தீர்ப்பின் கொடை.

அந்தத் தீர்ப்பைப் போற்றுவோம். ஆயினும் அதன் வாதத்தைக் கூர்ந்து நோக்குவோம். பெற்றோர் செய்த தவறுக்குப் பிள்ளையைத் தண்டிப்பது நீதியாகாது என்பது அதன் அடிப்படை. பிள்ளை குற்றமற்றது, ஆகவே விட்டுவிடுங்கள். சரி, குற்றவாளி யார்? தாய்! பிள்ளையை மீட்கும் அதே வரி தாயைக் கூண்டில் ஏற்றுகிறது. அன்று விழுந்த இந்த விதைதான் பின்னர்க் கனவாளர் இலக்கியம் முழுதும் மரமாகி நின்றது. அரசியல்வாதியின் உரையிலும், செய்தி ஏட்டின் தலையங்கத்திலும், மாணவரின் மேடைப் பேச்சிலும் ஒரே பல்லவி: "இவர்கள் தம் தவறால் வந்தவர்கள் அல்லர், முதல் மதிப்பெண் எடுப்பவர்கள், வரி கட்டுபவர்கள்." முதல் மதிப்பெண் எடுக்காத பிள்ளையை என்ன செய்வது? கடைசி வரிசையில் அமர்ந்து கணக்கிலே தோற்கும் பிள்ளைக்கு நாடு வேண்டாமா? தயவுக்குத் தகுதித் தேர்வு வைத்தால், தோற்றவனுக்குத் தயவு இல்லை என்றாகிவிடும். பிறப்பிடத்தைக் காட்டி இழிந்தவன் என்று ஒதுக்குவதை எதிர்ப்பவர்கள், இவன் மட்டும் விதிவிலக்கு, இவன் அறிவாளி, இவனை மட்டும் சேர்த்துக்கொள் என்று கெஞ்சினால் ஒதுக்கும் விதியை ஒப்புக்கொண்டதாகத்தானே பொருள்?

வர்காஸ் இந்தப் பொறியை அறியாதவர் அல்லர். தாயைப் பழிக்க அவர் மனம் இடந்தரவில்லை. நூல் வெளிவந்தபோது அவளை நேரிற் கண்டு 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் பரிசுகளையும் பதவிகளையும் வரித்தொகையையும் அவர் எடுத்துக்காட்டும் பக்கங்களிலே, தகுதிச் சான்றிதழை நீட்டும் மாணவனின் குரல் கேட்கிறது. போராடிய இளைஞர்களுள் பலர் இதை அவருக்கு முன்பே உணர்ந்து, தம் பெற்றோரே முதற் கனவாளர் என்று முழங்கத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தக் குறையை நேர்நின்று தாக்கும் நூல் 2020-இல் வந்தது. ஈக்வடோரில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா சேர்ந்து, ஹார்வர்டில் பட்டம் பெற்ற கார்லா கொர்னேஹோ வில்லாவிசென்சியோ எழுதிய 'ஆவணமற்ற அமெரிக்கர்கள்'. ஏடுகள் விரும்பும் கனவாளர் கதைக்குரிய எல்லாப் பொருத்தமும் அவருக்கு உண்டு. அந்தக் கதையை எழுத மறுத்தார். ஸ்டேட்டன் தீவின் தெருமுனையில் நாட்கூலிக்கு நிற்பவர்கள், இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்த இடத்தில் நச்சுத் தூசியை அள்ளி நோயாளிகளானவர்கள், பிளிண்ட் நகரில் ஈயம் கலந்த நீரைக் குடித்தவர்கள் — வயதேறிய, பட்டமில்லாத, வீரமுமில்லாத மக்களைத் தேடிப்போய் எழுதினார். அவர்களுள் நல்லவர் உண்டு, குடிப்பவர் உண்டு, பொய்யர் உண்டு. எவருக்கும் தகுதிச் சான்று அளிக்கவில்லை ஆசிரியை. சில இடங்களில் நேரில் காணாததைக் கற்பனையால் நிரப்புகிறார். இதழியல் நெறியில் ஊறியவர்கள் இதை ஏற்கமாட்டார்கள், எனக்கும் ஒரிரு இடங்களில் தயக்கம் உண்டு. ஆனால் வர்காஸ் நூலில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: பெற்றோர் தலைமுறையின் முகம்.

நம்மவர்க்கு இதில் என்ன என்று கேட்போர் இருக்கலாம். தொழில்நுட்பப் பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து சட்டப்படி சென்றோரின் பிள்ளைகளும் இதே வலையில் சிக்கியிருக்கிறார்கள். தந்தையின் அனுமதியைச் சார்ந்து நான்கு வயதில் சென்ற பிள்ளை, 21 வயதில் அந்தச் சார்பை இழக்கிறது. ஒரு நாட்டில் பிறந்தோர்க்கு ஆண்டு வழங்கலில் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பால், இந்தியரின் நிரந்தர வாழுரிமை வரிசை பல பத்தாண்டு நீண்டு கிடக்கிறது. தந்தைக்கு அட்டை வருமுன் பிள்ளைக்கு வயது வந்துவிடுகிறது. ஒபாமாவின் தவணையும் இவர்களுக்கு இல்லை. ஏன் தெரியுமா? அறிவித்த நாளில் இவர்கள் சட்டப்படி வாழ்ந்தார்களாம். சட்டவிரோதமாக இருந்தவர்க்கு மட்டுமே அந்த ஏற்பாடாம்! முறைப்படி வரிசையில் நின்றவர் பிள்ளைக்கும் முடிவில் வாசல் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எல்லையே இல்லாத நாடு உண்டா, சட்டத்தை மீறியவனை வரவேற்றால் நாளை எல்லோரும் வரமாட்டார்களா என்று அறிவுள்ள நண்பர்களும் கேட்கிறார்கள். கேட்கத்தக்க கேள்வியே. அமெரிக்காவே ஒருமுறை விடை கண்டிருக்கிறது. 1986-இல், ரீகன் காலத்தில், 1982-க்கு முன் வந்து தங்கியோர், பண்ணைத் தொழிலாளர் முதலிய ஏறத்தாழ 27 இலட்சம் பேருக்கு வாழுரிமை வழங்கியது. நாடு கவிழவில்லை. அதன் பின்னும் ஆள்கள் வந்தார்கள் என்பதும் உண்மை. ஏனெனில் வயலும் தொழிற்சாலையும் சமையற்கூடமும் அவர்களை அழைத்துக்கொண்டே இருந்தன, முறையான வாசல் மட்டும் திறக்கவில்லை. எல்லையைக் காப்பது ஒரு வேலை. எல்லைக்குள் வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு ஊர் எது என்று முடிவு செய்வது மற்றொரு வேலை. முதல் வேலையில் தோற்றதற்கு இரண்டாவதில் பழிவாங்குவது ஆட்சித் திறன் ஆகாது.

2021 மார்ச்சில் கீழவை மீண்டும் ஒரு முன்வடிவை 228-க்கு 197 என்று ஏற்றது. மேலவையில் அது சட்டமாகவில்லை. 2001-இல் அந்த மாநிலங்களுள் முதலாவதாக, உள்ளூர் மாணவருக்குரிய குறைந்த கல்லூரிக் கட்டணத்தை இப்பிள்ளைகளுக்கும் வழங்கிய டெக்சாஸ், மத்திய அரசு தொடுத்த வழக்கிலே உடன்பட்டு 2025 ஜூனில் அதைக் கைவிட்டது.

நம் படிப்பகங்கள் இவ்விரு நூல்களையும் வாங்கலாம். வர்காஸ் நூல் எளிய ஆங்கிலம். கல்லூரி முதலாண்டு மாணவரும் இரண்டு மாலைகளில் முடித்துவிடுவர். கார்லாவின் நடை முரட்டுத்தனமானது. வசைச் சொற்கள் தாராளமாக வரும். ஸ்பானியச் சொற்களும் விளக்கமின்றி வரும். வர்காசைப் படித்து உருகியவர்கள் உடனே அதை எடுப்பது நல்லது. உருக்கம் ஆறுவதற்குள், அவருடைய தாயின் இடத்தில் இருந்த பெண்கள் அங்கே வீடு கழுவிக்கொண்டிருப்பதைக் காணலாம்.